தைராய்டு சரியாகியும் அரிப்பு ஏன் நிற்கவில்லை?

கேள்வி: எனக்கு வயது 38. மூன்று மாதமாகச் சாயங்காலம் ஆனால் கை, தொடை, இடுப்பு என்று தடிப்புத் தடிப்பாக எழும்பி அரிக்கிறது, காலையில் பார்த்தால் தடமே இல்லை. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு என்று வந்து, இரண்டு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறேன். டிஎஸ்ஹெச் (தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) சரியாகிவிட்டது, அரிப்பு போகவில்லை. மாத்திரையைக் கூட்டிக்கொள்ளலாமா டாக்டர்?

பதில்: கூடாது. அரிப்பு அப்படியே இருக்கும், படபடப்பும் தூக்கமின்மையும்தான் கூட வந்து சேரும்.

நீங்கள் சொல்வது காணாக்கடி மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு தடிப்பும் 24 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும், ஆனால் வேறு இடத்தில் புதிதாக எழும்பும். ஆறு வாரத்தைத் தாண்டினால் நாள்பட்டது என்போம். தைராய்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கிற தொடர்பு இல்லை. பலருக்குத் தைராய்டு குறைவது, உடம்பின் எதிர்ப்பு சக்தியே அந்தச் சுரப்பியை எதிரியாக நினைத்துத் தாக்குவதால்தான் (1912-ல் ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் விவரித்ததால் அவர் பெயரிலேயே சொல்கிறோம்). அதே எதிர்ப்பு சக்தி தோலிலும் வம்புக்குப் போகலாம், அப்போதுதான் ஹிஸ்டமின் என்ற அரிப்பைத் தூண்டும் ரசாயனம் கொட்டித் தடிப்பு எழும்புகிறது. தைராய்டு உள்ளவர்களிடம் வெண்புள்ளியும் புழுவெட்டும் கூடுதலாகத் தெரிவதும் இப்படித்தான். ஹார்மோனை மாத்திரையால் நிரப்பிவிடலாம், இந்தச் சண்டை அதனால் ஓயாது. டிபிஓ ஆன்டிபாடி (தைராய்டுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்) பரிசோதனை செய்து பார்த்தால் உங்களுடையது இந்த வகைதானா என்று ஓரளவு தெரியும்.

ஹார்மோன் குறைவால் நேரடியாக வரும் அரிப்பு வேறு. தோல் வறண்டு சொரசொரப்பாகி, செதில் செதிலாக உதிரும்; தடிப்பு இருக்காது. கூடவே முடி கொட்டும், முகம் உப்பும், மலச்சிக்கல், சோர்வு, குளிர் தாங்காமை எல்லாம் வரும், புருவத்தின் வெளி ஓரம்கூட மெலியும். அது மாத்திரையில் மெல்ல மெல்லச் சரியாகும்.

மாத்திரையில் சேர்க்கும் நிறமி அபூர்வமாகச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, ஆனால் உங்களுக்குத் தடிப்பு மாத்திரைக்கு முன்னாலேயே வந்துவிட்டதே, அதன்மேல் பழி போடாதீர்கள். தோல் மருத்துவரிடம் போங்கள், தூக்கக் கலக்கம் தராத ரக ஆன்டிஹிஸ்டமின் (ஹிஸ்டமினை அடக்கும் மருந்து) தருவார், அரிக்கும்போது மட்டும் போடாமல் சொன்னபடி தினமும் போட வேண்டும். உதடோ நாக்கோ வீங்கினாலும் மூச்சுத் திணறினாலும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

அப்புறம் ஒன்று, முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அது டிஎஸ்ஹெச்சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டலாம். ஆமாம் என்றால் மருத்துவரிடம் சொல்லி, இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி பரிசோதியுங்கள்.

கேள்வி: என் தங்கைக்குத் தைராய்டு அதிகம். அதைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை ஆரம்பித்து மூன்றாவது வாரம் உடம்பெல்லாம் சிவந்து அரிக்கிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: லேசான அரிப்பு இந்த மருந்தில் சகஜம். ஆன்டிஹிஸ்டமின் கொடுத்தே தொடரலாமா, வேறு மருந்துக்கு மாற்றலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும், இன்றைக்கே போன் செய்து கேளுங்கள். தைராய்டு அதிகமானாலே தோல் சூடாகி, வியர்த்து அரிக்கும் என்பதும் உண்டு. நான் பயப்படுவது அரிப்புக்கு அல்ல, இந்த மருந்து அபூர்வமாக வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும் என்பதற்குத்தான். காய்ச்சலோ தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு, அன்றைக்கே ரத்தத்தில் வெள்ளை அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும், இரவானாலும் சரி.