'டிக்' என்றது, வெடிக்கவில்லை!

கேள்வி: என்.சி.சி. முகாமில் என் மகள் பாயின்ட் டூ-டூ ரைஃபிளில் சுட்டபோது 'டிக்' என்று மட்டும் கேட்டதாம். உடனே குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைத் திறக்கப் போனவளை பயிற்சியாளர் அதட்டிவிட்டார். ஏன்?

பதில்: அந்த அதட்டலுக்கு நன்றி சொல்லுங்கள் அம்மா. ராணுவத்தில் இருந்த காலத்தில் நானும் எத்தனையோ பிள்ளைகளை அப்படி அதட்டியிருக்கிறேன். சில தோட்டாக்களில் மருந்து தாமதமாகப் பற்றும். அந்த நேரம் பார்த்து போல்ட் திறந்திருந்தால், பித்தளைக் கூடு கிழிந்து முகத்தில் தெறிக்கும். அதனால் குழலை இலக்கை விட்டு அசைக்காமல் அரை நிமிடம் காத்திருந்து, அப்புறம்தான் திறக்க வேண்டும்.

இந்த வகைத் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடி விளிம்புக்குள் இருக்கும். துப்பாக்கியின் ஊசி அடித்த இடத்தில் அது இல்லையென்றால் வெடிக்காது. பெரும்பாலும் காரணம் அவ்வளவுதான்.

எனக்கு அதைவிடப் பயம், 'புஸ்' என்ற மந்தமான சத்தம். குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழலே வீங்கும், வெடிக்கவும் செய்யும். சத்தம் மாறினால் சுடாமல் கை தூக்கச் சொல்லுங்கள். சுடாத தோட்டாவை நினைவுக்கு என்று வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்றும் சொல்லிவையுங்கள், சரியா?