கடையில் கிடைக்கிற பேன்ட்டுக்கு மியூசியத்தில் என்ன வேலை?

கேள்வி: செய்தியில் அடிபடும் சாதாரணப் பொருட்களை எல்லாம் அருங்காட்சியகங்கள் எதற்கு வாங்கி வைக்கின்றன?

அக்காவைப் பார்க்க லண்டன் போயிருந்தபோது எனக்கும் இதே கேள்வி வந்தது. சவுத் கென்சிங்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துக்குக் கூட்டிப் போனாள் (நுழைவு இலவசம்). பேசப்படும் பொருட்களைச் செய்தியின் சூடு ஆறுவதற்குள் வாங்கிச் சேர்த்து, 2014-இலிருந்து அதற்கென்றே தனி இடம் வைத்திருக்கிறார்கள். ‘ரேபிட் ரெஸ்பான்ஸ்’ (உடனடி எதிர்வினை) என்று பெயர்.

அதில் ஒன்று, மலிவு விலைத் துணிக்கடை நிறுவனமான பிரைமார்க்கின் கார்கோ பேன்ட். நான் திருப்பூர் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தவன். எந்தத் துணியைப் பார்த்தாலும் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்க்கத்தான் கை போகும். டிசைன் என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றுமே இல்லை, மலிவான பேன்ட். ஆனால் டாக்கா அருகே சாவரில் இருந்த ராணா பிளாசாவில் ஒரு தொழிற்சாலை பிரைமார்க்குக்குத் தைத்துக்கொண்டிருந்தது. 2013 ஏப்ரல் 24 அன்று அந்த எட்டு மாடிக் கட்டடம் சரிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தின நாளே விரிசல் விட்டிருந்தது. கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. தையல்காரர்களை மட்டும் மறுநாள் மெஷினில் உட்காரச் சொன்னார்கள். ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் ஃப்ளோரில் எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

சரி, ஏன் உடனே வாங்க வேண்டும்? பட்டுச்சேலை யார் வீட்டு பீரோவிலாவது ஐம்பது வருஷம் இருக்கும். இந்தப் பேன்ட்டை யார் பத்திரப்படுத்துவார்கள்? எங்கள் ஊரில் சீசன் முடிந்த சாம்பிள்கள் கிலோ கணக்கில் எடைக்குப் போய்விடும்.

அப்புறம் ஐகியா என்ற ஃபர்னிச்சர் கடை விற்ற லுஃப்சிக் என்ற ஓநாய் பொம்மை. ஹாங்காங்கின் அப்போதைய தலைவர் லியுங் சுன்-யிங்கை எதிர்ப்பாளர்கள் ஓநாய் என்று கேலி செய்வார்கள். 2013 டிசம்பரில் ஒரு கூட்டத்தில் அவர்மேல் ஒருவர் இதை வீச, ஊரே கடைக்கு ஓடி வாங்கித் தீர்த்துவிட்டது. பக்கத்தில் எழுதி வைத்திருப்பதைப் படிக்காவிட்டால் அது வெறும் பொம்மைதான். இந்த வகைச் சேகரிப்பின் பலவீனமும் அதுதான் என்பேன்.

பாடகி கேட்டி பெர்ரி பெயரில் வந்த செயற்கைக் கண்ணிமைகளைப் பார்த்ததும், “இது ரொம்ப ஓவர்” என்று சிரித்தேன். “இந்தோனேசியாவில் பெண்கள் கையாலேயே கட்டியதாம்டா” என்றாள் அக்கா. திரும்பவும் போய்ப் பார்த்தேன்.