ரிஞ்சானி எரிமலையில் ஏற எந்த மாதம் சிறந்தது?

ஜூலை, ஆகஸ்ட் என்றுதான் பலரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால், மே மாதம்.

ரிஞ்சானி இருக்கும் இந்தோனேசியாவின் லொம்போக் தீவு நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. மழைக்காலம், மழையற்ற காலம் என்று இரண்டுதான் அங்கே கணக்கு. நவம்பர் வாக்கில் தொடங்கும் மழை மார்ச் வரை விடாது. வழக்கமாக ஜனவரி முதல் மார்ச் வரை மலைப்பாதைகளைத் தேசியப் பூங்கா நிர்வாகமே மூடிவிடுகிறது. ஏப்ரலில் திறந்தாலும் பிற்பகல் மழை எட்டிப் பார்க்கும்.

அதன் பிறகு ஆஸ்திரேலியப் பக்கமிருந்து வறண்ட தென்கிழக்குக் காற்று வீசத் தொடங்கும். வானம் தெளிவாக இருப்பதும் அதனால்தான், ஜூலை, ஆகஸ்டில் சிகரத்தில் நிற்க முடியாமல் தள்ளாடுவதும் அதனால்தான். உயரம் 3,726 மீட்டர். விடியற்காலைக் குளிர் பூஜ்யத்தை நெருங்கும். வெப்பமண்டலம்தானே என்று பருத்திச் சட்டையோடு வருபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

செம்பலுன் கிராமத்திலிருந்து ஏறி, எரிமலை வாயின் விளிம்பில் கூடாரத்தில் தங்கி, நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டால் விடியலில் உச்சி. இந்தக் கடைசி ஆயிரம் மீட்டர் உயரம்தான் ஆளைச் சோதிக்கும். முழுக்கச் சாம்பலும் பொடிக்கல்லும். ஆகஸ்டில் அது காய்ந்து மாவாகிக் கிடக்கும். எடுத்து வைத்த கால் பாதி தூரம் சறுக்கிக் கீழே வரும், முன்னால் போகிறவர் கிளப்பும் தூசி முழுவதும் நம் மூக்கில்தான். மே மாதத்தில் ஈரம் கொஞ்சம் மிச்சம் இருப்பதால் கால் பிடிக்கும். ஆகஸ்டில் வைக்கோல் நிறமாகிவிடும் செம்பலுன் புல்வெளியும் அப்போது பச்சைப்பசேல் என்றிருக்கும்.

கூட்டம் இன்னொரு தொல்லை. ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பியர்களுக்கு விடுமுறை. ஆகஸ்ட் 17 சுதந்திர தினத்தையொட்டி உள்ளூர் இளைஞர்களும் கொடியோடு வந்துவிடுவார்கள். சுமைதூக்கிகள் தோளில் மூங்கில் காவுதடி, இரு பக்கமும் கூடை, காலில் வெறும் ரப்பர் செருப்பு என்று நம்மைத் தாண்டி ஓடுவார்கள். ஒற்றையடிப் பாதையில் அவர்களுக்கு ஒதுங்கி வழிவிடுவதிலேயே நேரம் போய்விடும். விலையுயர்ந்த காலணி போட்டிருக்கும் நமக்கு அப்போது வெட்கமாகவும் இருக்கும்.

எந்த மாதமானாலும் நண்பகலுக்கு மேல் மேகம் ஏறி மூடிக்கொள்ளும், காலையிலேயே நடந்துவிடுங்கள். பௌர்ணமியை ஒட்டித் தேதி வைத்தால் இரவு ஏற்றத்துக்கு நல்ல துணை. நம் பள்ளி விடுமுறையும் மே மாதத்தில்தான் என்பதால் குடும்பத்தோடு லொம்போக் வருபவர்களுக்கும் வசதி.

பருவம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. 2018 ஜூலை 29 அன்று, நல்ல பருவத்தில்தான், நிலநடுக்கத்தில் பாதைகள் சரிந்து நூற்றுக்கணக்கானோர் மலையில் சிக்கிக்கொண்டார்கள். எரிமலை வாய்க்குள்ளிருக்கும் பாருஜாரி என்ற சிறு எரிமலை 2015, 2016 ஆண்டுகளில் சாம்பலைக் கக்கியது. விமான டிக்கெட் எடுக்குமுன் எச்சரிக்கை நிலையையும் பாதை திறந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மே கிடைக்காதவர்கள் செப்டம்பர் பிற்பாதியில் போகலாம். தூசி அப்படியேதான் இருக்கும், கூட்டமாவது குறைந்திருக்கும்.