80-ஐத் தொட்டால் உதறும் லாரி

கேள்வி: என்னிடம் இருப்பது 18 ஆண்டுகள் ஓடிய, இரண்டு அச்சு லாரி. மணிக்கு 75 கி.மீ. வரை ஒரு குறையும் இல்லை. அதைத் தாண்டியதும் இருக்கையும் தரையும் அதிரத் தொடங்கி 85 வரை நீடிக்கிறது. 90-ல் அடங்கிவிடுகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பாதியாகத் தணிகிறது. ஸ்டீயரிங் ஆடுவதில்லை. பக்கக் கண்ணாடியில் மட்டும் பின்னால் வரும் வண்டி மங்கலாகத் தெரிகிறது. முன் சக்கரங்களை இரண்டு முறை பேலன்ஸ் செய்தேன். முன் டயர் இரண்டையும் புதிதாகப் போட்டேன். பலன் இல்லை. மூன்று மாதத்துக்கு முன் கிளட்ச் பிளேட் மாற்றியதைத் தவிர வேறு பெரிய வேலை எதுவும் செய்யவில்லை. அடுத்து எதை மாற்றலாம்?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். "கிளட்ச் பிளேட் மாற்றியதைத் தவிர" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் என் கண் நின்றது. கிளட்சைத் தொட வேண்டுமானால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கியர்பாக்ஸை இறக்க வேண்டுமானால், அதிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். பழைய வண்டியில் புதிதாக ஒரு தொல்லை முளைத்தால், கடைசியாக யார் கை எங்கே பட்டது என்பதுதான் என் முதல் கேள்வி.

அதற்கு முன் ஒரு பத்து நிமிட வேலை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, ஆறு டயரையும் சுற்றி வாருங்கள். பின்பக்க இரட்டை டயர்களில் உள் டயரை விளக்கடித்துப் பாருங்கள்; அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. பக்கச்சுவரிலோ ட்ரெட்டிலோ புடைப்பு இருந்தால், ரீட்ரெட் ஓரம் பிரிந்திருந்தால், வீல் நட்டிலிருந்து துருக் கோடு கதிர்போல் வெளியே ஓடியிருந்தால், அந்த வண்டி சரிசெய்யப்படும் வரை நகரக் கூடாது. துருக் கோடு என்றால் நட் தளர்ந்து ரிம் உராய்கிறது என்று பொருள். இதில் எதுவும் இல்லையென்றால் மேலே படியுங்கள்.

அதிர்வு எங்கே தெரிகிறது என்பது முதல் தடயம். ஸ்டீயரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன் அச்சு: டயர், ரிம், ஹப் பேரிங், கிங் பின், டை ராடு முனை. இருக்கையிலும் தரையிலும் தெரிந்தால் பின் சக்கரமோ ஷாஃப்டோ. பிரேக் பிடிக்கும்போது மட்டும் வந்தால் டிரம் வட்டம் தவறியிருக்கிறது. உங்கள் ஸ்டீயரிங் ஆடவே இல்லை. அப்படியிருக்க முன் டயர்களுக்குச் செலவு செய்தது, பல் வலிக்கு முழங்காலில் தைலம் தேய்த்த கதை. உங்களைக் குறை சொல்லவில்லை. நெடுஞ்சாலையில் அதிர்வு என்றாலே எல்லோர் வாயிலும் முதலில் வருவது பேலன்சிங்தான்.

இரண்டாவது தடயம், அதிர்வின் வேகம். மணிக்கு 80 கி.மீ. என்றால் நொடிக்கு 22 மீட்டர். லாரி டயரின் சுற்றளவு ஏறத்தாழ 3.2 மீட்டர். ஆக, சக்கரம் நொடிக்குச் சுமார் 7 முறை சுற்றுகிறது. டிஃபரன்ஷியல் விகிதம் (சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாஃப்ட் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது) 5 என்று வைத்துக்கொண்டால் ஷாஃப்ட் நொடிக்கு 35 முறை சுற்றும். ஷாஃப்டின் முனையில் சாய்ந்து சுற்ற இடம் தரும் மூட்டான யுனிவர்சல் ஜாயின்ட்டின் கோளாறு ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உதைக்கும். அதாவது நொடிக்கு 70. இந்த வித்தியாசத்தை அறியக் கருவி கட்டாயமில்லை. பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டிலைக் கேபின் தரையில் வைத்து, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சக்கரக் கோளாறு என்றால் தண்ணீர் கண்ணுக்குத் தெரிய அலம்பும். ஷாஃப்ட் என்றால் அலம்பாது. மேற்பரப்பில் பொடிப்பொடியாகச் சுருக்கம் விழும், உள்ளங்காலில் வண்டு ரீங்கரிப்பதுபோல் கூசும். கண்ணாடி மங்குகிறது என்கிறீர்கள். கண்ணாடி நொடிக்கு 7 முறை ஆடினால் பிம்பம் துள்ளுவது தெரியும். மங்குகிறது என்றால் அதைவிட வெகு வேகமான ஒன்று. அதிர்வை அளக்கும் செயலி கைபேசியில் இருந்தால் எண்ணாகவே பார்த்துக்கொள்ளலாம்.

எஞ்சினைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்க ஒரு வழி உண்டு. வெறிச்சோடிய நேர்ச்சாலையில் அதிர்வு தொடங்கும் வேகத்தில் டாப் கியரில் போய், பிறகு அதே வேகத்தை ஒரு கியர் குறைவாக வைத்து ஓட்டுங்கள் (எஞ்சின் சிவப்புக் கோட்டைத் தொடாத அளவில்). கியர் குறைந்தால் எஞ்சின் வேகம் கூடும். ஷாஃப்டும் சக்கரமும் அதே வேகத்தில்தான் சுற்றும். அதிர்வு மாறாமல் அதே வேகத்தில் வந்தால் எஞ்சினும் கிளட்சும் நிரபராதிகள். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

90-ல் ஏன் அடங்குகிறது? ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு ஒத்த தாளத்தில் தள்ளினால்தான் உயரப் போகும். வண்டியின் சட்டத்துக்கும் (சேசிஸ்) கேபினுக்கும் அப்படி ஒரு சொந்தத் தாளம் இருக்கிறது. உங்கள் வண்டியில் அது 75-க்கும் 85-க்கும் இடையில் ஷாஃப்டின் தாளத்தோடு ஒத்துப்போகிறது. அதைத் தாண்டினால் இருக்கையில் தெரிவது குறையுமே தவிர, உதைப்பது நிற்பதில்லை. பேரிங்குகள் தேய்ந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே 90-ல் ஓட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

மூன்றாவது தடயம்தான் என்னைக் கிட்டத்தட்ட முடிவுக்குக் கொண்டுவந்தது: காலை எடுத்தால் தணிகிறது. பேலன்ஸ் தவறிய டயருக்கோ ஷாஃப்டுக்கோ நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீர்களா, விடுகிறீர்களா என்பது பெரிய பொருட்டில்லை. வேகம் ஒன்றுதான் கணக்கு. ஆனால் ஜாயின்ட் கோணக் கோளாறு இழுவைக்கு ஏற்பக் கூடிக் குறையும். மிதிக்கும்போது பின் அச்சு ஹவுசிங்கின் மூக்கு மேலே தூக்கும், ஸ்பிரிங் பட்டை முறுக்கிக்கொள்ளும், கோணம் மாறும்.

யுனிவர்சல் ஜாயின்ட்டின் குணம் ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி எளிது. சாய்வாக நிற்கும் ஜாயின்ட் வழியாகச் சுழற்சி போகும்போது, இந்தப் பக்கம் சீராகச் சுற்றினாலும் அந்தப் பக்கம் சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். இதைச் சரிக்கட்டத்தான் ஷாஃப்டின் மறுமுனையிலும் ஒரு ஜாயின்ட். முதலாவது முந்தும்போது இரண்டாவது பிந்த வேண்டும். அப்போதுதான் டிஃபரன்ஷியலுக்குச் சீரான சுழற்சி போகும். அதற்கு இரண்டு நிபந்தனைகள்: இரு கோணமும் சமமாக இருக்க வேண்டும்; ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள யோக்கின் (ஜாயின்ட்டைப் பிடிக்கும் கவட்டை) காதுகள் ஒரே தளத்தில் நிற்க வேண்டும்.

இரண்டாவது நிபந்தனைதான் கிளட்ச் வேலையின்போது அடிக்கடி பலியாகிறது. ஷாஃப்ட் நீளவும் சுருங்கவும் இடம் தரும், பல் வெட்டிய ஸ்பிளைன் பகுதியை உருவிவிட்டு, திரும்பச் செருகும்போது ஒரு பல் தள்ளிச் செருகிவிடுவார்கள். செருகும் கைக்கு வித்தியாசம் தெரியாது, அது எங்கே செருகினாலும் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். வண்டியும் 60 வரை புகார் சொல்லாது.

இதைப் பார்க்க வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடியில் படுங்கள். ஸ்பிளைன் மூட்டின் இருபுறமும் கம்பி பிரஷால் கிரீஸ் பிசுக்கைச் சுரண்டுங்கள். பெரும்பாலான ஷாஃப்டுகளில் இரு பாகத்திலும் ஒவ்வோர் அம்புக்குறி குத்தியிருக்கும். இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். குறி அழிந்திருந்தால் ஒரு முனை யோக்கின் காதுகள் படுக்கைவாட்டில் இருக்கும்போது மறுமுனைக் காதுகளும் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். சில வண்டிகளுக்குத் தயாரிப்பாளரே வேறு அமைப்பு சொல்லியிருப்பார். கையேடு இருந்தால் அதுவே கடைசி வார்த்தை. கழற்றுமுன் இப்போதிருக்கும் நிலையையும் பெயின்ட்டால் குறித்துவிடுங்கள். தவறான நிலையாக இருந்தாலும் சரி, திரும்பிப் போக ஒரு வழி வேண்டும்.

அப்படியே ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் பிராக்கெட்டையும் கவனியுங்கள். அதன் அடியில் கோணத்தைச் சரிசெய்யத் தகடு வைத்திருப்பார்கள். கழற்றும்போது கீழே விழுந்து, "இது எதற்கு?" என்று ஓரமாக வைக்கப்பட்ட தகடுகள் எத்தனையோ. போல்ட்டைச் சுற்றிப் பழைய தகட்டின் அச்சு பெயின்ட்டில் பதிந்திருந்து தகடு மட்டும் காணோம் என்றால், அதுவும் ஒரு விடை. கோணத்தை அளக்க முடிந்தால், ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் 3 டிகிரிக்குள்ளும், ஒத்த ஜாயின்ட்டுகளுக்கிடையே வித்தியாசம் 1 டிகிரிக்குள்ளும் இருப்பது நல்லது. வழக்கமாக ஏற்றும் சுமையோடு அளந்தால்தான் பொருள். இடையில் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அதுவும் கோணத்தை மாற்றும்.

கீழே படுத்திருக்கும்போதே ஷாஃப்ட் குழாயைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சின்னச் செவ்வகமாக வெல்டிங் வடு மட்டும் இருந்து அதன் மேல் தகடு இல்லையென்றால், பேலன்ஸ் எடை விழுந்துவிட்டது. நசுங்கலோ, காய்ந்த தார்க் கட்டியோ இருந்தாலும் அதே கதைதான். கையால் ஷாஃப்டை மேலும் கீழும் அசைத்து, முறுக்கிப் பாருங்கள். கிராஸில் (ஜாயின்ட்டின் நடுவிலுள்ள சிலுவைத் துண்டு) ஆட்டம் தெரிந்தாலோ, பேரிங் கப்பைச் சுற்றிச் செந்தூள் படிந்திருந்தாலோ அது ஆயுள் முடிந்த ஜாயின்ட், ஓட்ட வேண்டாம். ஓடும்போது ஷாஃப்ட் அறுந்து விழுந்தால் பிரேக் குழாயையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு போகும்.

நானும் இதில் சறுக்கியிருக்கிறேன். ஒரு வண்டிக்கு மூன்று கிராஸ், ஒரு சென்டர் பேரிங் எல்லாம் மாற்றி, அதிர்வு குறையாமல் வெட்கத்தோடு நின்றேன். கடைசியில் பின்பக்க உள் ரிம்மில் ஒரு கையகலத்துக்குக் களிமண் காய்ந்து ஒட்டியிருந்தது. ரிம் ஓரத்தில் 100 கிராம் ஒருபக்கமாக ஒட்டியிருந்தால் 80 கி.மீ. வேகத்தில் அது ஏறத்தாழ 5 கிலோ விசையோடு இழுக்கும். வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்கு. அந்த வண்டியில் அதிர்வு மெதுவானது, தண்ணீர் அலம்பியிருக்கும். நான் பாட்டிலை வைக்கவில்லை.

ஸ்பிளைனையும் தகட்டையும் சரிசெய்த பிறகும் அதிர்வு மிச்சமிருந்தால், டிஃபரன்ஷியல் பக்க ஃபிளாஞ்ச்சில் போல்ட்டுகளைக் கழற்றி ஷாஃப்டை 180 டிகிரி திருப்பி மாட்டி ஓட்டிப் பாருங்கள். கூடினாலும் குறைந்தாலும் அங்கே பேலன்ஸ் குறை இருக்கிறது. அப்போது ஷாஃப்டை ஜாயின்ட்டுகளோடும் ஸ்பிளைனோடும் சேர்த்து முழுதாகப் பேலன்சிங்குக்குக் கொடுங்கள். வெறும் குழாயைக் கொடுத்தால் பயனில்லை. சோதனைக்காகச் சக்கரம் எதையாவது கழற்றி மாட்டியிருந்தால், முதல் 80 முதல் 100 கி.மீ. ஓடியதும் நிறுத்தி, நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கிவிடுங்கள்.