களியை மென்ன கிளார்க்கு: பீரியட் படம் எடுக்கற பசங்களுக்கு பதில்

தர்மபுரி பசங்க ஒரு குறும்படம் எடுக்கறாங்க. 1792ல கிழக்கிந்தியக் கம்பெனி கிளார்க்கா வந்த வெள்ளைக்காரப் பையன், நம்மூர் பொண்ணு, காதல், காமெடி. நான் ரெண்டு படத்துல கேமரா அசிஸ்டன்ட், மீதி நாளெல்லாம் கல்யாண வீடியோ, அதனால எங்கிட்ட கேட்டுத் தள்ளிட்டாங்க.

கேள்வி: அண்ணா, கதை எழுதுனவங்க 1792னு எதுக்கு வச்சிருக்காங்க?

பதில்: ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைல திப்பு கையிலருந்து பாராமகால், அதாவது நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம், கம்பெனிக்குப் போன வருசம்ப்பா. இந்தப் பகுதிய நிர்வாகம் பண்ண கம்பெனி அதிகாரி ரீடுக்கு அசிஸ்டன்ட்டா தாமஸ் மன்றோ வந்ததும் அப்பதான், 1799 வரைக்கும் இங்கதான் இருந்தாரு.

கேள்வி: பொண்ணு வீட்ல அவன் களி சாப்பிடற சீன், வாய்க்கு குளோசப் வச்சோம், சிரிப்பே வரலங்க.

பதில்: எப்படி வரும், களிய விழுங்கணும் மெல்லக்கூடாதுன்னு நம்மூர்ல குழந்தைக்கும் தெரியும், அவன் மட்டும் மென்னுட்டு இருக்கான், அந்தக் கூத்த பாக்கற வீட்டாளுங்க ஒருத்தரும் உங்க ஃபிரேம்ல இல்ல. கேமராவ தரையில உக்காந்தவங்க கண்ணு உயரத்துக்கு இறக்கி வைடுல எல்லாரையும் வை. டைட் கால்சட்டைல அவனுக்கு சம்மணம் போட வராது, முட்டி மேல தூக்கிட்டு நிக்கும், வசனமே வேணாம். பின்னாடி ஆயா ஒரு உருண்டைய குழம்புல தொட்டு லபக்குன்னு முழுங்கிட்டு அடுத்தத உருட்டட்டும். பத்து செகண்ட் கட் பண்ணாத. எங்க வீட்டுக்கு வந்த பட்டணத்து மாப்பிள்ளை மென்னத சொல்லிச் சொல்லி எங்க ஆயா ஒரு வாரம் சிரிச்சுது.

கேள்வி: ராத்திரி சீனுக்கு அரிக்கேன் வெளக்கு கிடைச்சிருக்கு சார், ஓகேவா?

பதில்: அய்யோ, மண்ணெண்ணெயே அப்ப கிடையாது. அகல்ல ஆமணக்கெண்ணெய் ஊத்துங்க. ஹாலிவுட் டைரக்டர் குப்ரிக் 1975ல 'பேரி லிண்டன்' படத்துக்கு மெழுகுவத்தி வெளிச்சத்துல எடுக்க நாசாவுக்காக ஸைஸ் (Zeiss) கம்பெனி செஞ்ச, கொஞ்ச வெளிச்சமே போதுங்கற எஃப் 0.7 லென்ஸ் மாட்டுனாரு, நம்மகிட்ட போன்தான், அதனால ஃபிரேமுக்கு வெளிய இன்னும் பத்து அகல் ஏத்தி வை. ஒயிட் பேலன்ஸ ஆட்டோல விட்டா மஞ்சளெல்லாம் வெளுத்துரும், 3200 கெல்வின்ல லாக் பண்ணிடு. எல்இடி ஒளிச்சு வச்சா ஷட்டர் 1/50, நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், இல்லன்னா பட்டை பட்டையா ஓடும்.

கேள்வி: கிருஷ்ணகிரி கோட்டை மலைல எடுக்கலாமுங்களா?

பதில்: எடுங்க, ஆனா கேமரா கீழ பாக்கக்கூடாது, ஹைவே லாரி தெரியும். டேமும் வேணாம், அது 1950கள்ல கட்டுனது. பாறையும் வானமும் போதும். அப்புறம் ஹீரோயின் கையில ஸ்மார்ட் வாட்ச் தடம் வெளுப்பா தெரியுது, மொதல்ல அதுக்கு ஒரு வளையல் போடுங்கப்பா.