அப்பப்பாவின் பழைய பெட்போர்ட் லொறியை நாலு சில்லும் இழுக்கிற மாதிரி மாற்ற முடியுமா? செலவுக்குத் தகுமா?

கேட்டவர் துணுக்காய்ப் பக்கம். அப்பப்பா விட்டுப்போன பெட்போர்ட் ஜே வகை லொறி ஒன்று கொட்டிலில் நிற்கிறதாம். பின் சில்லுகள் மட்டும்தான் இழுக்கும். அதைத் திருத்தி முன் சில்லுகளையும் இழுக்க வைத்தால், மழை பெய்த வயலிலிருந்து காலபோக நெல்லை இறக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

முடியும். அதே வகை லொறியில் நான் செய்திருக்கிறேன், இப்போதும் ஓடுகிறது. ஆனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முன் அச்சு, பின் அச்சு, எஞ்சினின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துவிடுகிற ட்ரான்ஸ்பர் பெட்டி மூன்றும் ஒரே வண்டியிலிருந்து வரவேண்டும். மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும்வரை லொறியில் ஒரு நட்டைக்கூடக் கழற்றாதீர்கள். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு வருடத்தையும் ஒரு ட்ரான்ஸ்பர் பெட்டியையும் இழந்துதான் கற்றுக்கொண்டேன்.

(நம் ஊரில் 'போர்வீல்' என்றால் லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு மெசின் இல்லாத பெரிய உழவு மெசின் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். சாமான் தேடும்போது 'நாலு சில்லும் இழுக்கிற லொறி' என்று விளக்கமாகச் சொல்லுங்கள். நான் போர்வீல் என்று கேட்டு, மசி பேர்குசன் உழவு மெசின் சாமான் பார்க்க இரண்டு இடத்துக்கு வீணாகப் போய் வந்தேன்.)

எங்களிடம் இரண்டு லொறிகள் இருந்தன. ஒன்று 2009இல் புதுக்குடியிருப்பில் நின்றுவிட்டது. பிறகு போய்ப் பார்த்தபோது அதில் எரிந்த இரும்புதான் மிச்சம். மற்றது அதற்கு முன்பே திருத்த வேலைக்காக வவுனியாவில் விட்டிருந்ததால் தப்பியது. அந்த லொறிக்கு உயிர் கொடுக்கவேண்டும் என்பது அப்பாவின் ஆசை. நாலு சில்லும் இழுக்க வேண்டும் என்பது என்னுடையது. எங்கள் வயல் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே இருக்கிறது. தை மாதம் அறுவடை நேரத்தில் ஒரு மழை விழுந்தால் போதும், மூட்டை ஏற்றிய லொறி இருந்த இடத்திலேயே தாழ்ந்துவிடும். இழுத்தெடுக்க வந்த மெசினும் பக்கத்தில் தாழ்ந்து நின்ற நாட்கள் உண்டு.

இனி நான் விட்ட பிழை. ஒரு கராஜில் நாலு சில்லு வண்டி ஒன்றின் முன் அச்சு மட்டும் கிடந்தது. விலையும் மலிவு. வாங்கி வந்து, வேறொரு வண்டியின் ட்ரான்ஸ்பர் பெட்டியோடு சேர்த்துப் பூட்டினோம். சேற்றில் அருமையாக இழுத்தது. ஒரு கிழமை முழுக்க ஊரே பார்த்தது. பிறகு ஒரு நாள் காய்ந்த குளக்கட்டு வீதியில், முன் சில்லு இழுவையைப் பூட்டுகிற லீவரை விடுவிக்காமலே ஓடினேன். ஒரு மைல் போகமுன் 'டக்' என்ற சத்தத்தோடு பெட்டிக்குள் பல் உடைந்தது.

காரணத்தைப் பிறகுதான் எண்ணிப் பார்த்தோம். பின் அச்சுக்குள் பெரிய பற்சில்லில் 37 பல்லும் அதைச் சுற்றுகிற சின்னதில் 6 பல்லும். அதாவது பெட்டியிலிருந்து அச்சுக்கு வருகிற ஷாப்ட் 6.17 தடவை சுற்றினால் சில்லு ஒரு தடவை சுற்றும். முன் அச்சில் 34 பல்லும் 5 பல்லும், 6.8 தடவை. ஷாப்ட் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றும்போது, பின் சில்லு 100 மீற்றர் போனால் முன் சில்லு 91 மீற்றர் போகத்தான் கணக்கு விடும். சேற்றில் சில்லு வழுக்கி அந்த 9 மீற்றரை மறைத்துவிடுகிறது. இறுகிய தரையில் வழுக்க இடமில்லை. அந்த முறுக்கு முழுவதும் ஷாப்டிலும் பல்லிலும் ஏறுகிறது.

இதை அறிய அச்சைக் கழற்றத் தேவையில்லை. நியூட்ரலில் போட்டு, தரையில் நிற்கிற சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, பின் சில்லில் ஒரு பக்கத்தை மட்டும் ஜக்கில் தூக்குங்கள். கைப்பிரேக் ஷாப்டைப் பிடிக்கிற வகையானாலும் பின் சில்லைப் பிடிக்கிற வகையானாலும் அதை விடுவிக்கவேண்டும், அதனால் கல்லை நம்பித்தான் நீங்கள் கீழே போகிறீர்கள். நல்ல கல்லாக வையுங்கள். சில்லிலும் ஷாப்டிலும் சோக்கட்டியால் கோடு போட்டு, தூக்கிய சில்லைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். மற்றச் சில்லு அசையாமல் நிற்பதால், அச்சின் நடுவில் இரண்டு சில்லுக்கும் இழுவையைப் பிரிக்கிற டிபரன்சியல் பாதிதான் சுற்றும், அதற்காகத்தான் இரண்டு சுற்று. அதற்குள் ஷாப்ட் எத்தனை தடவை சுற்றுகிறதோ அதுதான் உங்கள் அச்சின் கணக்கு. ஆறும் கொஞ்சமுமா, ஆறேமுக்காலைத் தாண்டுகிறதா என்பது கண்ணுக்கே தெரியும்.

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. ஏலத்தில் கழித்துவிட்ட நாலு சில்லு பெட்போர்ட் ஒன்று உடைபட்டு, பாகம் பாகமாகப் பஞ்சிகாவத்தைக்கு வந்திருப்பதாக அறிந்து, கொழும்புக்குப் போய் இரண்டு அச்சு, பெட்டி, ஷாப்ட், அவற்றைத் தாங்கும் பிராக்கெட் எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றி வந்தேன். பெட்போர்ட் கம்பனியே இப்படித்தான் செய்தது. 1950இல் வந்த எஸ் வகைப் பெரிய லொறியின் அடிப்படையில்தான் 1953இல் ஆர்.எல். என்ற நாலு சில்லு லொறியைக் கட்டினார்கள், 4.9 லீற்றர் பெற்றோல் எஞ்சினோடு. அதற்கு முன், இரண்டாம் உலகப்போரில், 1941 முதல் 1945 வரை கியூ.எல். என்ற வகையில் ஐம்பதாயிரத்துக்கு மேல் கட்டிய அனுபவமும் அவர்களுக்கு இருந்தது. ஆர்.எல்.இன் படம் ஒன்றைத் தேடிப் பாருங்கள். சாதாரண லொறியை யாரோ தூக்கிப் பிடித்த மாதிரி உயரமாக நிற்கும், பின்னாலும் பக்கத்துக்கு ஒற்றைச் சில்லுதான். அந்த இரண்டுக்குமே காரணம் உண்டு.

உயரத்துக்குக் காரணம் சம்ப், அதாவது எஞ்சினுக்குக் கீழே இருக்கிற ஓயில் தொட்டி. முன் அச்சின் நடுவில் இப்போது டிபரன்சியல் முட்டி ஒன்று வந்துவிடுகிறது. லொறி பள்ளத்தில் விழுந்து ஸ்பிரிங் தகடு அமுங்கும்போது அந்த முட்டி மேலே வந்து எஞ்சினின் ஓயில் சம்பில் இடிக்கும். ஆகவே முன் பக்கத்தைத் தூக்கவேண்டும். நாங்கள் நான்கு அங்குலம் தூக்கினோம். தூக்கினால் ஸ்டியரிங் தண்டின் சாய்வு மாறும், அதைச் சரிசெய்யாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் லொறி தானாக ஒரு பக்கம் வெட்டும். முட்டி எந்தப் பக்கம் தள்ளி இருக்கிறதோ, பெட்டியிலிருந்து முன்னுக்கு வரும் ஷாப்டும் அதே பக்கத்தில் இருக்கவேண்டும். ஒரே வண்டியின் சாமான் என்றால் இந்தத் தலையிடி பாதி இல்லை.

ஒற்றைச் சில்லுக்குக் காரணம் சேறும் களியும். இரட்டைச் சில்லுக்கு இடையில் மண் புகுந்து இறுகினால், கம்பியால் குத்தித்தான் எடுக்கவேண்டும். மன்னார் முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களியில் லொறி ஓட்டியவர்களுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை. ஒற்றைச் சில்லாக இருந்தால் முன் சில்லு அமுக்கிய தடத்திலேயே பின் சில்லும் போகும், புதிதாகத் தடம் வெட்டத் தேவையில்லை. நாலு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் என்பதில் கண்டிப்பாக இருங்கள். முன்னுக்குப் புதியதும் பின்னுக்கு மொட்டையும் போட்டால், பல் கணக்குப் பிழைத்த மாதிரிதான் ஆகும். ஒற்றை டயர் இரட்டையின் சுமையைத் தாங்காது என்பதையும் நினைவில் வையுங்கள். எங்கள் லொறியில் முன்பு ஏற்றியதைவிடக் குறைவாகத்தான் இப்போது மூட்டை ஏற்றுகிறோம்.

ஷாப்ட் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். ஷாப்டின் இரண்டு முனையிலும் குறொஸ் என்கிற சிலுவை வடிவ மூட்டைப் பிடிக்கிற கவர், அதாவது கவட்டை, இருக்கும். அந்த இரண்டு கவரும் ஒரே தளத்தில், ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கவேண்டும். சாய்வாக ஓடுகிற குறொஸ் ஒரே சீராகச் சுற்றாது, ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். மற்ற முனையில் உள்ள குறொஸ் அதே கோணத்தில் இருந்தால் அந்தக் கூடலையும் குறைச்சலையும் திரும்பச் சமன் செய்துவிடும். எங்கள் ஷாப்டை நடுவில் கழற்றிக் கிரீஸ் போட்டுத் திரும்பப் பூட்டியபோது, பல் மாறி ஒரு கவர் குறுக்காக நின்றுவிட்டது. நாற்பதில் போனால் இருக்கை நடுங்கியது. சில்லைச் சமன் பார்த்தோம், எஞ்சின் மவுண்ட் மாற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் லேத் பட்டறை ஐயா ஒருவர் லொறிக்குக் கீழே குனிந்து பார்த்து, 'கவர் ரெண்டும் ஆளையாள் பாக்கேல்லையே தம்பி' என்றார். பத்து நிமிட வேலை. கழற்றுமுன் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டிருந்தால் இரண்டு மாதம் மிஞ்சியிருக்கும்.

முன் சில்லு திரும்புகிற இடத்தில் உருண்டையான கூடு ஒன்று இருக்கும், அதற்குள்தான் இழுக்கிற மூட்டு. பழைய அச்சு வாங்கும்போது அந்தக் கூட்டைத் திறந்து கிரீஸைத் தொட்டுப் பாருங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, உள்ளே துரு இருக்கும், விலையைக் குறைத்துக் கேளுங்கள். மூட்டில் தடம் விழுந்திருந்தால் வாங்கவே வேண்டாம்.

சேசிஸ், அதாவது அடிச்சட்டத்தின் வேலை, மாற்றத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஓட்டம் சரியில்லாத லொறியில் இன்னொரு அச்சைப் பூட்டினால் எது எதன் பிழை என்று ஒருநாளும் தெரியவராது. சுத்தியலால் நீளத்துக்குத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், உக்கியது பொத்தென்று கேட்கும். உங்கள் அப்பப்பா அந்தக் காலத்தில் ஆனையிறவு உப்பளத்துக்கு ஓடியிருந்தால் இரண்டு மடங்கு கவனமாகத் தட்டுங்கள். புதிய பிராக்கெட்டுகளைச் சேசிஸின் பக்கச் சுவரில் போல்ட் போட்டுப் பூட்டுங்கள். மேல் கீழ் விளிம்புகளில் துளை போடவும் வேண்டாம், குறுக்கே வெல்டிங் வைக்கவும் வேண்டாம். அந்த விளிம்புதான் பாரத்தைத் தாங்குகிறது, வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

பிரேக்கில் காசு மிச்சம் பிடிக்கவேண்டாம். அச்சு மாறினால் சில்லில் பிரேக்கை அமுக்குகிற சிலிண்டரின் அளவும் மாறும், மிதியிலிருந்து அதற்கு எண்ணெய் தள்ளுகிற பழைய மாஸ்டர் சிலிண்டர் போதாமல் போகலாம். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசு பறக்க விடாதீர்கள், தண்ணீர் தெளித்து நனைத்துத் துடையுங்கள், மூக்கை மூடிக்கொள்ளுங்கள். நான் சிறுவயதில் வேலை பழகிய கராஜில் யாரும் அப்படிச் செய்யவில்லை. அந்தத் தூசை எல்லோருமாக மூச்சில் இழுத்தோம். இப்போது என்னோடு வேலை பழகுகிற பிள்ளைகளை நான் அப்படி விடுவதில்லை.

எஞ்சின் உங்களுடையது பெற்றோலா டீசலா என்று நீங்கள் எழுதவில்லை. பெற்றோல் என்றால் பேர்க்கின்ஸ் 6.354 போன்ற டீசலுக்கு மாறலாம். சாமானும் கிடைக்கிறது, அதன் குணமறிந்த மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய ஊர் இது, பெற்றோல் எஞ்சினை வைத்துச் சமாளிக்கவும் நம் ஆட்களுக்குத் தெரியும். ஆனால் 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, கூடக் குடிக்கிற எஞ்சினை வைத்திருப்பது என்னவென்று நன்றாக விளங்கியது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தையும் மாற்றிவிடுங்கள். பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போது சேசிஸ் இலக்கத்தில் கை வைக்கவே வேண்டாம். ஸ்ரீ இலக்கத் தகடு இருந்தால் அதையும் பத்திரமாக வையுங்கள்.

தார் வீதியில் லீவர் எப்போதும் விடுவித்தபடி. வளைவில் முன் சில்லுக்குப் பின் சில்லைவிடக் கூடத் தூரம். நடுவில் டிபரன்சியல் இல்லாத பெட்டி அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்காது. வயல் வாசலில் இறங்கிப் பூட்டுங்கள், ஏ9க்கு ஏறமுன் விடுவியுங்கள்.

செலவுக்குத் தகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். நெல் இறக்குவது மட்டும்தான் நோக்கம் என்றால் தகாது. ஜப்பான் எல்ஃப், கன்டர் லொறிகளில் கம்பனியே நாலு சில்லாகக் கட்டியவை இருக்கின்றன, அதில் ஒன்றைத் தேடுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது எங்களுக்கு அந்த வழி இருக்கவில்லை, விலை எட்டாத உயரத்தில் நின்றது. அந்த நாட்களில்தான் இரண்டாம் முறை வேலையைத் தொடங்கினோம். அது முடியப் பதினான்கு மாதம் எடுத்தது. அப்பப்பாவின் லொறி ஓடவேண்டும் என்பதும் உங்கள் ஆசை என்றால் தகும். எங்கள் லொறி முதல் முறை வயலிலிருந்து தானாக ஏறி வந்தபோது அப்பா பக்கத்து இருக்கையில்தான் இருந்தார். ஒன்றும் பேசவில்லை. வீதிக்கு வந்ததும் இறங்கி, முன் சில்லில் ஒட்டியிருந்த களியைக் கையால் வழித்து எறிந்தார்.

முதலில் ஜக்கையும் சோக்கட்டியையும் எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போங்கள். பின் அச்சின் கணக்கை எண்ணி, ஸ்பிரிங் தகடுகள் இரண்டுக்கும் இடையிலான அகலத்தையும் அளந்து இங்கே எழுதுங்கள். எந்த அச்சைத் தேடுவது என்று பார்ப்போம்.