வேலியில் படர்ந்திருப்பது முடக்கத்தான்தானா, எப்படி உறுதி செய்வது?

இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மும்மூன்றாகப் பிரிந்து பல்பல்லாக இருக்கும் இலை வேறு கொடிகளுக்கும் உண்டு. காயைத் தேடுங்கள். காற்றடைத்த சின்னப் பை மாதிரி, மூன்று பட்டையோடு தொங்கும். அழுத்தினால் 'டப்' என்று வெடிக்கும், சிறுவர்கள் நெற்றியில் அடித்து விளையாடுவார்களே, அதேதான். முற்றியதைப் பிரித்தால் மூன்று அறை, அறைக்கொரு கறுப்பு விதை. ஒவ்வொன்றிலும் இதய வடிவில் வெள்ளைப் புள்ளி இருக்கும். அது இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மூட்டு முடக்கை அறுப்பதால் முடக்கறுத்தான், அதுவே பேச்சில் முடக்கத்தான் ஆனது என்பார்கள். மூட்டுவலிக்குக் கைவைத்தியமாக ரசம் வைப்பார்கள். எனக்குப் பிடித்தது தோசைதான்: ஊறிய அரிசியோடு ஒரு கைப்பிடி இலையைச் சேர்த்து அரைத்தால் போதும். லேசாகக் கசக்கும். அப்புறம், சாக்கடை ஓரத்துக் கொடியைப் பறிக்காதீர்கள்.